செவ்வாய்க்கு வாங்கிய மீன்கள்

இளையதம்பி கோழிக்குக் கலர் போட்டுக்கொண்டிருந்தான். வாளி நிறையத் தோலுரித்த கால்கள். அவற்றின்மேல் தயிர், இஞ்சி உள்ளி அரைத்தது, உப்பு, கடைசியாகத் தகர டப்பாவிலிருந்து ஒரு கரண்டி சிவப்புத் தூள். தூள் விழுந்ததும் முழங்கை வரை கையை விட்டுப் பிசைய வேண்டும். கத்தியால் கீறிய இடங்களுக்குள் விரலை விட்டுத் தேய்த்தால்தான் சிவப்பு உள்ளே இறங்கும். வெட்டிப் பார்க்கிற வெள்ளைக்காரருக்கு உள்ளேயும் சிவப்பாக இருக்க வேண்டும். கையுறை வாங்கித் தருவதாக முதலாளி சொன்னது போன வருசத்துக் கதை. இளையதம்பியின் கைகள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சிவப்பாகவே இருந்தன.

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில் இருந்த அந்தக் கடையின் பலகையில் இந்திய உணவகம் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. முதலாளியும் சமையல்காரரும் யாழ்ப்பாணம், சட்டி கழுவுகிற இளையதம்பி விசுவமடு, கோழி பிரெத்தான் பக்கத்துப் பண்ணை. கலர் மட்டும் இந்தியாவிலிருந்து வந்தது.

பிசைந்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு அவன் மீன்களுக்குத் தீன் போடப் போனான். காலையில் கதவு திறப்பவனும் அவன்தான், மீன் பார்ப்பவனும் அவன்தான். கண்ணாடித் தொட்டி காசு மேசைக்குப் பக்கத்தில் வடகிழக்கு மூலையில் இருந்தது. எதிரே ஒரு தோசைக்கடை திறந்த கையோடு வியாபாரம் படுத்துவிட, முதலாளி இராஜதுரை புறநகர் ஸ்தேனிலிருந்து சாத்திரியாரைக் கூட்டிவந்து காட்டினார். கடைக்காரருக்குச் செவ்வாய் திசை நடக்கிறது, இந்த மூலையில் ஓடுகிற தண்ணீரும் அதற்குள் சிவப்பும் இருக்க வேண்டும் என்றார் சாத்திரியார். இராஜதுரை அன்றைக்கே சத்தலே பக்கம் ஆற்றங்கரை மீன்கடைக்குப் போய், விரலளவு மீன்களாக ஒரு பை வாங்கிவந்தார். உடம்பு கண்ணாடி போல இருந்தது. முதுகிலும் வயிற்றோரத்திலும் நியோன் லைற் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. விலை குறைக்க மாட்டேன் என்ற கடைக்காரனிடம் தீன் டப்பா ஒன்றைச் சும்மா வாங்கிக்கொண்டார். மீனின் பெயர் என்ன என்று மனைவி கோசலை கேட்டபோது, "கத்தரிக்காய்க்குப் பேர் கேட்டோ வாங்கிறம்?" என்றார்.

பிறகு அவர் தங்கை மகளின் கலியாணத்துக்குக் கனடா போனார். போன இடத்தில் முழங்காலுக்கு வைத்தியமும் பார்த்து, பனிக்காலத்தை அங்கேயே கழித்தார். போகும்போது இளையதம்பிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அகதி விண்ணப்பம் இரண்டு முறையும் தள்ளுபடியானவன் அவன். அந்த வருசம், வேலை செய்கிற ஆட்களுக்கு வதிவிடக் கார்ட் கொடுக்கிறார்கள் என்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுவதும் கதையாக இருந்தது. பிரிஃபெக்சர் அலுவலகத்துக்குப் போக அவனுக்கு நாள் குறித்து ரொந்தேவும் கிடைத்துவிட்டது. இவனுக்கு நான் வேலை தருகிறேன் என்று முதலாளி கையெழுத்து வைத்த ஒரு கடுதாசி மட்டும் மிச்சம்.

"கனடாவாலை வந்த உடனை வைக்கிறன்" என்றிருந்தார் இராஜதுரை.

அவர் விமானத்தால் இறங்கி நேரே கடைக்கு வந்தார். பெட்டியை நாற்காலியோடு சாய்த்துவிட்டு, காசு லாச்சியை இழுத்துப் பார்த்தார். சாமிப்படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு தொட்டிக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவில்லை.

"கோசலை, என்ரை மீன் எங்கை?"

"முன்னாலை நிக்குது. கண்ணைக் கனடாவிலை விட்டிட்டு வந்திட்டியளோ?"

"இது என்ரை மீன் இல்லை."

கோசலை காசு மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தொட்டிக்குள் விரலளவு மீன்கள் திரிந்தன. முள்ளெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. குடல் இருக்கும் இடம் வெள்ளிப் பொட்டணம் போல மின்னியது. சிவப்பு எங்கும் இல்லை.

"ஓமப்பா, வெள்ளையாத்தான் கிடக்கு" என்றாள். "நான் லாச்சியைப் பாக்கிறதோ மீனைப் பாக்கிறதோ? தீன் போடுறது இளையதம்பி."

இளையதம்பி குசினியிலிருந்து வந்தான். "உதுகள்தான் அண்ணை. ஒவ்வொரு நாளும் நான்தானே பாக்கிறன்."

"அப்ப சிவப்பெங்கை?"

அப்போதுதான் அவனும் குனிந்து பார்த்தான். சிவப்பு இருந்தது அவனுக்கும் ஞாபகம் இருந்தது. எப்போது இல்லாமல் போனது என்று ஞாபகம் இல்லை. நத்தார் பண்டிகைக்கு இருந்ததா? பொங்கலுக்கு? ஒவ்வொரு நாளும் பார்த்த மீன்தான். நேற்றைய மீனும் இன்றைய மீனும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"தம்பி, நான் அரைக் காற்சட்டையோடை சந்தையிலை நிண்டு வியாபாரம் பழகினவன்" என்றார் இராஜதுரை. "மேலை நல்ல அரிசியைப் போட்டிட்டு அடியிலை குறுணலைக் கொட்டுற வித்தை எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? சிவப்பை ஆருக்கு வித்தனீர்? உந்த வெள்ளையை எங்கை பிடிச்சனீர்?"

"சத்தியமா விக்கேல்லை அண்ணை."

"அப்ப கோட்டுக்குக் கால் முளைச்சு நடந்து போட்டுதோ?"

இளையதம்பி கைகளை ஏப்ரனில் துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லை. "அந்தக் கடுதாசி அண்ணை... ரொந்தேவு கிட்டுது."

"மீன் வரட்டும். கடுதாசியும் வரும்."

அதன் பிறகு சாப்பிட வந்தவர்களெல்லாம் தொட்டியைப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். வெயில் படாததால் வெளுத்துவிட்டது என்றார் ஒருவர். எங்கடை பிள்ளையளே இஞ்சை பிறந்து வெளுத்துப் போச்சுதுகள், மீனுக்கென்ன என்றார் இன்னொருவர். சமையல்காரர் தண்ணீரைக் குற்றம் சொன்னார். கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிகிற தண்ணீர் மீனை மட்டும் விடுமா? ஒவ்வொருவர் சொல்வதும் சொல்லும்போது சரியாக இருந்தது. இளையதம்பிக்கு இரவில் வேறொரு யோசனையும் வந்தது. நான் இல்லாத நேரத்தில் யாரோ உண்மையாகவே மாற்றிவிட்டார்களோ? கடைக் கதவின் திறப்பு சமையல்காரரிடமும் இருக்கிறது. சமையல்காரர் மீனை மாற்றி என்ன செய்யப் போகிறார் என்றும் விளங்கவில்லை.

சிவப்புக் குறைந்ததென்றால் சிவப்பு கொடுக்க வேண்டியதுதான் என்று ஒரு காலையில் அவன் முடிவெடுத்தான். கோழிக் கலரில் ஒரு சிட்டிகை எடுத்துத் தீனில் குழைத்துத் தொட்டிக்குள் போட்டான். மீன்கள் ஓடிவந்து விழுங்கின. விழுங்கியது கண்ணாடி உடம்புகளுக்குள்ளால் தெரிந்தது. வெள்ளிப் பொட்டணங்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள். அவன் முழந்தாளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் மங்கின, தண்ணீர்தான் சிவந்தது.

கோசலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இதென்ன, சர்பத்தே கரைச்சனீர்?"

"சத்துக் காணாதாக்கும் எண்டு அக்கா..."

அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளி எடுத்துவந்தாள். இருவரும் தண்ணீரை மாற்றினார்கள். மாற்றி முடிக்கும்போது ஒரு மீன் பக்கவாட்டில் சரிந்து மிதந்தது.

"அவருக்குச் சொல்லாதேயும்" என்றாள் கோசலை. "நானும் சொல்லமாட்டன்."

செத்த மீனைக் கடுதாசியில் சுற்றி, தயிர்ச் சட்டி ஒன்றுக்குள் வைத்து மூடிக்கொண்டு இளையதம்பி பத்திநாதரிடம் போனான். கார் து நோர் ரயில் நிலையத்தில் பெட்டி கழுவி ஓய்வெடுத்தவர் பத்திநாதர். அவருக்கு பிரெஞ்சும் தெரியும், குருநகரில் பிறந்தவர் என்பதால் மீனும் தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் அதைச் சொன்னது அவர்தான்.

அவர் மூடியைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"காரல்."

"காரல் கடல்மீனெல்லே அண்ணை? இது நல்ல தண்ணியிலை நிண்டது."

"அப்ப காரலின்ரை மச்சான். சொதி வைச்சால் அம்மாதிரி. எத்தினை கிடக்கு?"

"சொதிக்கில்லை அண்ணை. இதின்ரை பேர் தெரிய வேணும். பேர் தெரிஞ்சால்தான் இது அதுதானோ, வேறயோ எண்டு சொல்லலாம்."

"எது எதுவோ எண்டு?"

இளையதம்பி முழுக்கதையும் சொன்னான். பத்திநாதர் கேட்டு முடித்து, "உன்ரை கார்ட் இப்ப மீன்ரை வயித்துக்கை கிடக்கு எண்டு சொல்லு" என்று எழும்பித் தொப்பியைப் போட்டார்.

ஆற்றங்கரைக் கடையில் தொட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பெயரும் விலையும் ஒட்டியிருந்தது. பத்திநாதர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனார். மூன்றாவது அடுக்கில் அவை நின்றன. கண்ணாடி உடம்பு, சிவப்புக் கோடு. வேறு சிலவற்றுக்கு நீலக் கோடு, பச்சைக் கோடு. சுவரோரம் அடித்தட்டில் இருந்த இன்னொரு தொட்டியில் கோடே இல்லாத கண்ணாடி மீன்கள் நின்றன. அவற்றின் விலை பாதிக்கும் கீழே.

வலையோடு நின்ற பெண்ணின் சட்டையில் ஜிஸ்லேன் என்று பெயர் குத்தியிருந்தது. பத்திநாதர் தயிர்ச் சட்டியைத் திறந்து காட்டினார். அவள் வாய் திறக்குமுன் கடைக்காரர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். சட்டிக்குள் பார்த்து, அடித்தட்டைக் காட்டி, பிறகு மேல்தட்டைக் காட்டி வேகமாகப் பேசினார்.

"என்னவாம் அண்ணை?"

"இது கண்ணாடிப் பார்ச் எண்டொரு மீனாம். மேலை நிக்கிறது நியோன் பார்ச்சாம். அது வேறை, இது வேறையாம். உன்னை ஆரோ பேய்க்காட்டிப் போட்டாங்களாம்."

இளையதம்பி இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தான். அதே கண், அதே செதில், அதே வெள்ளிப் பொட்டணம். கோட்டை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தான். விரலை எடுத்தான். மறுபடி மறைத்தான். கடைக்காரர் கண்ணாடியைத் தொட வேண்டாம் என்றார்.

வெளியே வந்து அவர்கள் மெத்ரோப் பக்கம் நடக்க, ஜிஸ்லேன் பின்னால் வந்தாள். மூலையில் ஒதுங்கிச் சிகரெட் பற்றவைத்தாள். தயிர்ச் சட்டியை வாங்கி, செத்த மீனின் முதுகில் நகத்தால் ஓரிடத்தைக் காட்டினாள். அரிசிக் குறுணல் அளவு ஒரு தடிப்பு. தாழ்ந்த குரலில் கொஞ்சம் பேசினாள்.

பத்திநாதர் சட்டிக்குள் குனிந்து அந்தத் தடிப்பை மறுபடி பார்த்தார்.

"ஊசியாம்" என்றார் கடைசியில். "எல்லாம் ஒரே மீன்தானாம். பண்ணையிலை ஒவ்வொண்டையும் கையிலை பிடிச்சு, ஊசியாலை கலர் ஏத்தி அனுப்புறாங்களாம். உங்கடை பக்கத்து நாடுகளிலைதான் எண்டுறாள். ஏத்தேக்கை கனக்கச் சாகுமாம். மிச்சத்துக்குக் கொஞ்ச மாசத்திலை வெளுத்துப்போமாம்."

"இதை எங்கடை முதலாளியிட்டை வந்து சொல்லுவாவோ எண்டு கேளுங்கோ அண்ணை. இல்லாட்டி ரெலிபோனிலை எண்டாலும்."

பத்திநாதர் கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். சிகரெட்டைப் பாதியில் நசுக்கி, மிச்சத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"அவளுக்கும் வேலைக் கொந்திரா முடியப் போகுதாம். திருப்பி எடுப்பாங்களோ தெரியாதாம். தன்ரை பேரைச் சொல்லவேண்டாமாம்." பத்திநாதர் அவள் போவதைப் பார்த்தார். "உன்ரை ஆள்தான் அவளும்."

மத்தியானக் கூட்டம் குறைந்த நேரத்தில் இளையதம்பி இராஜதுரைக்கு முன்னால் போய் நின்றான். மூலை மேசையில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று சிவப்புக் கோழியை முள்ளுக்கரண்டியால் பிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, மீன் மாறேல்லை. அது கலராம். ஊசியாலை ஏத்தினதாம். நாள்போக வெளுக்குமாம்."

"ஆர் சொன்னது?"

"கடையிலை... வேலை செய்யிற ஆள் ஒராள்."

"பேர்?"

இளையதம்பி மேசையில் கிடந்த சோற்றுப் பருக்கையை விரலால் ஒதுக்கினான்.

"நான் நேற்றே அந்தக் கடைக்குப் போயிட்டு வந்திட்டன்" என்றார் இராஜதுரை. "முதலாளியோடையே கதைச்சனான். அது வேறை சாதி, இது வேறை சாதி எண்டு ரெண்டு தொட்டியையும் காட்டி விளங்கப்படுத்தினவன். விலையும் வேறை. ஒரே சாமானை ரெண்டு விலைக்கு விக்கிறதுக்கு அவனுக்கு விசரே?"

"அண்ணை, எங்கடை கோழி மாதிரித்தான்" என்றான் இளையதம்பி. தனக்குத் தெரிந்ததிலேயே நல்ல உதாரணம் அதுதான் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். "நாங்களும் கீறி உள்ளுக்கை ஏத்துறம்தானே. சாதி ஒண்டுதான். கலர்தான் விலை."

மூலை மேசையில் கரண்டிச் சத்தம் கேட்டது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இராஜதுரை குரலைத் தாழ்த்தினார்.

"கடைக்கை சனம் இருக்கேக்கை கோழிக் கதை கதையாதை. என்ரை கோழி கலரெண்டால் அதைப் போட்டது ஆர்? உன்ரை கை. மீனுக்கும் கலர் கரைச்சது உன்ரை கைதானாம். கோசலை சொன்னவள்."

கோசலை காசு மேசையில் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது... திருப்பிச் சிவப்பாகட்டும் எண்டு..."

"சிவப்புத் தானாப் போனதெண்டால் பேந்து ஏன் கலர் கரைச்சனி?"

கலர் கரைத்த அன்றைக்கு ஊசிக் கதை தெரியாது, தெரிந்த பிறகு கரைக்கவில்லை என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசை குழம்பிப்போனது. இளையதம்பி ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். நடுவில் சாத்திரியார் வந்தார், சுண்ணாம்பு வந்தது, காரல் வந்தது.

"காணும்" என்றார் இராஜதுரை. மேசைக்குக் கீழேயிருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்தார். உள்ளே காற்றும் தண்ணீரும், பளபளவென்று சிவப்புக் கோடுகளும். "நான் ஒருத்தன்ரை வயித்திலும் அடிக்கிறவன் இல்லை. உன்னைப் போகச் சொன்னனானே? வேலையைச் செய். இது புது மீன். நீ சொல்லுறது மெய்யெண்டால் இதுவும் வெளுக்கும். வெளுக்கட்டும். அண்டைக்குக் கையெழுத்து வைக்கிறன். வெளுக்காட்டி நீ கள்ளன். நியாயம்தானே?"

நியாயம் போலத்தான் இருந்தது. இளையதம்பி தலையாட்டினான். கோடில்லாத மீன்களோடு புது மீன்களும் ஒரே தொட்டிக்குள் விடப்பட்டன. பழையவை சாத்திரியார் வரும் நாளுக்கு முன் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கே என்று அவன் கேட்கவில்லை.

ரொந்தேவு நாள் வந்தது. அவன் பத்திநாதரோடு பிரிஃபெக்சருக்குப் போனான். கடுதாசி இல்லை என்றதும் யன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் கோப்பை மூடித் தள்ளிவிட்டு, எல்லாம் இருக்கும்போது புது ரொந்தேவு எடுக்கச் சொன்னாள்.

"எப்பவாம் கடுதாசி வரும்?" என்று திரும்பி வரும்போது பத்திநாதர் கேட்டார்.

"வெளுத்த உடனை."

"கடவுளே" என்றார் பத்திநாதர். அதற்குமேல் அவருக்கும் பகிடி வரவில்லை.

அதிலிருந்து இளையதம்பி காலையில் கதவைத் திறந்ததும் தொட்டிக்கு முன்னால்தான் முதலில் நின்றான். சாமிப்படத்துக்கு லைற் போடுவது பிறகு. நேற்றைய சிவப்பை மறக்கக் கூடாது என்று கோழிக் கலர் டப்பாவின் மூடியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். சில நாள் மூடியைவிட மீன் மங்கல் போல இருந்தது. சில நாள் மூடிதான் மங்கல். தொட்டி லைற்றை அணைத்துப் பார்த்தால் ஒரு மாதிரி, போட்டுப் பார்த்தால் இன்னொரு மாதிரி. லா கூர்னெவில் அவன் தங்கியிருந்த அறையில் கூட இருப்பவர்கள், எப்பிடி உன்ரை மீன், வெளுக்குதோ என்று பிள்ளைத்தாச்சியை விசாரிப்பது போல விசாரித்தார்கள்.

கோடை முடிந்து குளிர் தொடங்கிய ஒரு காலை, சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஒரு மீனின் முதுகுக் கோடு அங்கங்கே அறுந்திருந்தது. இன்னொன்றின் வயிற்றோரம் தோய்த்த சீலைக் கரை போல. பின்னால் நின்ற மூன்றாவதில் கோடே இல்லை, முள்ளெலும்புதான். அவன் குசினிக்கும் தொட்டிக்கும் இடையில் இரண்டு தரம் நடந்தான். கோசலை வந்ததும் குளிர்க் கோட்டைக் கழற்றவிடாமல் கூட்டிவந்து காட்டினான்.

"பாருங்கோ அக்கா. வெளுக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். "ஓம்" என்றாள். "பாவம்." மீனையா அவனையா என்று தெரியவில்லை. "அவர் இண்டைக்கு ருங்கிஸ் சந்தைக்குப் போட்டார். நாளைக்கு வரட்டும், காட்டுவம்."

அன்று இரவு அவன் பத்திநாதருக்குப் போன் எடுத்து, புது ரொந்தேவு எப்படி எடுப்பது என்று கேட்டான்.

மறுநாள் காலை வெளுத்த கோடுகளை மறுபடி பார்த்துவிட்டு அவன் குசினியில் கோழி பிசைந்துகொண்டிருந்தபோது முன்பக்கம் கோசலையின் சத்தம் கேட்டது. "இளையதம்பி, ஒருக்கா வாரும்." கையை உதறிக்கொண்டு போனான். காசு மேசையில் வெட்டிய பொலித்தீன் பை ஒன்று ஈரமாகக் கிடந்தது. தொட்டி முழுக்கச் சிவப்பு. அறுந்த கோடு ஒன்றுகூட இல்லை. கீழே தயிர் வாளி ஒன்றில் வெளுத்த மீன்கள் ஒதுங்கி நின்றன.

"நேற்றுப் பின்னேரம் சாத்திரியாருக்குப் போன் பண்ணினனான்" என்றாள் கோசலை. "வெளுத்தது ஒரு நிமிசமும் கடைக்கை நிக்கப்படாதாம். விடிய முதல் வேலையா மாத்தச் சொன்னார். எங்கடை அவரே போய் வாங்கிவந்தவர்."

"அண்ணை பாத்திட்டாரோ? வெளுத்ததைப் பாத்தவரோ?"

"அவர் புதுசை விட்டிட்டு, பாரன், எவ்வளவு வடிவாச் சிவப்பா நிக்குது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார்." அவள் லாச்சியைத் திறந்து சில்லறையைக் கொட்டினாள். "உந்த வாளியைக் கொண்டுபோய் கக்கூசுக்கை ஊத்தித் தண்ணியை இழுத்துவிடும். கோழி ஊறிட்டுதே? மத்தியானம் ஒரு குறூப் வருது."

இளையதம்பி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். கதவைச் சாத்திவிட்டு, நெருக்கமான அந்த இடத்தில் குந்தி இருந்தான். தயிரும் கலரும் காயாத கையைக் குழித்து வாளிக்குள் விட்டான். வெளுத்த மீன் ஒன்று விரல்களுக்கு நடுவில் வந்து நின்றது. அதன் உடம்புக்குள்ளால் அவனுடைய உள்ளங்கை தெரிந்தது. கடையில் வாங்கிய முதல் நாளைவிடவும் கூடுதலாக, தலையிலிருந்து வால்வரை மீன் சிவப்பாக இருந்தது.